யார் வீட்டுப் பணத்தில்?

அமெரிக்காவில் குளிர்காலம் முடியும் முன்பே கோடைக்கால இன்டர்ன்ஷிப் அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். பால்புதுமை (LGBTQ) இளைஞர்களின் உரிமைக்காகப் பாடுபடும் தொண்டு நிறுவனங்களும் அவற்றை வெளியிடுகின்றன. பத்து வாரம், வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது வழக்கமான ஓர் அளவு. பள்ளிகளில் நடக்கும் வதைகளைப் பற்றித் தகவல் திரட்டுவது, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு மனு எழுதுவது, சமூக ஊடகப் பக்கங்களைப் பார்த்துக்கொள்வது போன்றவை வேலைகள். சில நிறுவனங்கள் இதற்குச் சம்பளம் தருகின்றன. சில தருவதில்லை; அனுபவம் கிடைக்கும், கல்லூரியில் கிரெடிட் கிடைக்கும் என்று மட்டும் சொல்கின்றன. வீட்டிலும் பள்ளியிலும் ஒதுக்கப்படும் இளைஞர்களுக்காகப் பேசும் ஓர் அமைப்பு, அதே இளைஞர்களின் உழைப்பைக் கூலியில்லாமல் பெற்றுக்கொள்வது அறமாகுமா? ஆகாது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த அலுவலகத்துக்கும் பொருந்தும் காரணங்கள் இங்கேயும் பொருந்தும். அவற்றைவிடக் கனமான ஒரு காரணம் இந்த அமைப்புகளுக்கென்றே உண்டு.

சம்பளமில்லாத வேலை செலவில்லாமல் நடப்பதில்லை. பத்து வாரமும் அந்த மாணவர் எங்கோ தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், ரயில் ஏற வேண்டும். அந்தச் செலவைப் பெரும்பாலும் பெற்றோர் ஏற்கிறார்கள். நிறுவனத்தின் கணக்கில் பெயர் ஏறாத நன்கொடையாளர் அவர்கள்தாம். மற்றத் துறைகளில் இந்த ஏற்பாடு ஏழை வீட்டுப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது, அதுவே அநீதிதான். பால்புதுமை இளைஞர்களுக்கோ இன்னொரு கதவும் சாத்தப்படுகிறது. வீட்டில் வசதி இருந்தும், தன்னைப் பற்றிய உண்மையைச் சொன்ன நாளோடு அந்த வசதியை இழந்த பிள்ளைகள் இவர்களில் உண்டு. இவர்கள் வீடற்றுப் போகும் அபாயம் மற்ற இளைஞர்களைவிட இரண்டு மடங்குக்கும் அதிகம் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் சாப்பின் ஹால் ஆய்வு மையம் 2017இல் கணக்கிட்டது. வீடற்ற இளைஞர்களுக்கு உதவும் அமைப்புகளிடம் வில்லியம்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு மையம் கேட்டறிந்து 2012இல் வெளியிட்ட ஆய்வில், அங்கே வருபவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் பால்புதுமையினர் என்று தெரியவந்தது. அரசின் கல்வி உதவி விதிகளோ 24 வயதுவரை பெரும்பாலான மாணவர்களைப் பெற்றோரைச் சார்ந்தவர்களாகவே எடுத்துக்கொள்கின்றன. துரத்தப்பட்ட பிள்ளைக்கு விலக்கு உண்டு. ஆனால் தன் நிலையை ஆவணத்தோடு நிறுவும் பாரம் அந்தப் பிள்ளையின் தலையிலேயே விழுகிறது. இவ்வளவும் தெரிந்த ஓர் அமைப்பு, சம்பளம் இல்லை என்று ஒரு வரி எழுதும்போது, பெற்றோர் ஏற்றுக்கொண்ட பிள்ளைகளை மட்டும் உள்ளே அழைக்கிறது. யாருக்காக அந்த அலுவலகம் திறக்கப்பட்டதோ அவர்கள் உதவி கேட்டு வரலாம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார முடியாது.

இயக்கமே தன்னார்வத்தில்தானே வளர்ந்தது என்று கேட்கலாம். உண்மைதான். 1970இல் நியூயார்க்கில் செயற்பாட்டாளர்கள் சில்வியா ரிவேராவும் மார்ஷா பி. ஜான்சனும் தெருவில் கிடந்த இளைஞர்களுக்கு ஒரு வீடு பிடித்துக் கொடுத்தபோது, வாடகைப் பணத்தைத் தங்கள் உடலை விற்றுத்தான் சேர்த்தார்கள். எமரி ஹெட்ரிக், டேமியன் மார்ட்டின் இருவரும் 1979இல் அதே நகரத்தில் தொடங்கிய அமைப்பும், அடித்து விரட்டப்பட்ட 15 வயதுச் சிறுவன் ஒருவனின் கதையைக் கேட்ட பெரியவர்களின் கொதிப்பிலிருந்து பிறந்ததுதான். அந்த ஈகையைக் குறைத்துச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அங்கே கொடுத்தவர்கள் பெரியவர்கள், பெற்றவர்கள் பிள்ளைகள். சம்பளமில்லா இன்டர்ன்ஷிப்பில் அந்தத் திசை தலைகீழாகிறது. தன்னார்வலர் தன்னால் முடிந்த மாலை நேரத்தைத் தருகிறார், முடியாதபோது நிறுத்திக்கொள்கிறார். இன்டர்ன் விண்ணப்பம் போட்டு, நேர்காணலில் தேறி, குறித்த நேரத்துக்கு வந்து, ஒருவருக்குக் கீழே வேலை செய்கிறார். பின்னால் இந்தத் துறையில் வேலை கிடைக்க அது பயோடேட்டாவில் இருந்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் கொடுப்பதை ஈகை என்று அழைக்க முடியாது.

சட்டம் அனுமதிக்கிறதே என்பது அடுத்த வாதம். அனுமதிக்கத்தான் செய்கிறது. லாப நோக்குள்ள நிறுவனங்களில் யாருக்கு அதிகப் பயன் என்று பார்த்து முடிவு செய்யும் அளவுகோலை 2015இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது. 2018இல் தொழிலாளர் துறை அதை ஏற்றுக்கொண்டது. ஊதியத்தை எதிர்பாராமல் வருபவர்களைத் தொண்டு நிறுவனங்கள் சம்பளமின்றி வைத்துக்கொள்ளலாம் என்பதும் துறையின் நிலைப்பாடு. ஆனால் சம்பளச் சீட்டோடு சேர்ந்து இன்னொன்றும் போய்விடுகிறது. மருத்துவமனை ஒன்றில் சம்பளமின்றிப் பயின்ற கல்லூரி மாணவி பாலியல் தொல்லைக்காக வழக்குத் தொடுத்தபோது, ஊதியம் பெறாதவர் பணியாளரே ஆகமாட்டார், ஆகவே கூட்டாட்சியின் வேலைவாய்ப்புப் பாகுபாட்டுச் சட்டம் அவரைக் காக்காது என்று 1997இல் அதே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ஓரிகன் 2013இலும் நியூயார்க் 2014இலும் தங்கள் மாநிலச் சட்டத்தில் இந்த ஓட்டையை அடைத்தன. கூட்டாட்சிச் சட்டம் அப்படியே நிற்கிறது. 2020 ஜூனில், தன்பாலீர்ப்பாளர் என்பதற்காகவோ திருநர் என்பதற்காகவோ ஒருவரை வேலையிலிருந்து நீக்குவது அதே சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இயக்கம் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்ற வெற்றி அது. அந்தக் காப்பு எட்டாத இடத்தில் தன் இளைஞர்களை உட்காரவைக்க, அவர்களுக்காகவே இருக்கும் ஓர் அமைப்பு எப்படி மனம் ஒப்ப முடியும்? அங்கே வேலை செய்பவர்கள் எல்லோரும் நல்லவர்கள் என்பது பதிலாகாது. உரிமை வேண்டியிருப்பது நல்லவர்கள் இல்லாத நாளுக்காக.

பணம் எங்கே என்ற கேள்விதான் நேர்மையானது, கடினமானது. 988 என்ற தற்கொலைத் தடுப்பு எண்ணில் பால்புதுமை இளைஞர்களுக்கென்று இருந்த தனிச் சேவையை 2025 ஜூலையில் கூட்டாட்சி அரசு நிறுத்திவிட்டது. அந்த அழைப்புகளை ஏற்றுவந்த அமைப்புகளுக்கு அந்தச் சேவைக்காக வந்த அரசுப் பணமும் அதோடு நின்றது. இப்படிப்பட்ட காலத்தில், இன்டர்னுக்குக் கொடுக்கும் தொகை நள்ளிரவில் வரும் ஓர் அழைப்புக்குப் பதில் சொல்ல உதவாதா என்று ஒரு நிர்வாகி கேட்டால் அதைத் தட்டிவிட முடியாது. தொகையைப் பார்ப்போம். நியூயார்க் நகரில் 2025ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16.50 டாலர். பத்து வாரத்தின் 200 மணி நேரத்துக்கு 3,300 டாலர். சிறு அமைப்புக்கு அது சின்னப் பணமில்லை. கல்லூரிகளோடு பேசினால் கூட்டாட்சியின் வேலையோடு படிப்புத் திட்டத்திலிருந்து ஒரு பகுதி கிடைக்கும். அந்த நிதியில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூக சேவை வேலைகளுக்குக் கல்லூரிகள் செலவிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதன் பிறகும் பத்து இடங்கள் மூன்றாகச் சுருங்கலாம். சுருங்கினால் ஏழு பேருக்கு வாய்ப்பு போகிறது. அது உண்மையான இழப்பு. ஆனால் அந்த ஏழு இடங்களும் பெரும்பாலும் வேறு வாய்ப்புகள் உள்ளவர்களுக்குப் போயிருக்கும். மூன்றில் ஓர் இடம், வீடில்லாமல் நண்பர்களின் சோபாவில் தூங்கும் ஒருவருக்குக் கிடைக்க வழியிருக்கிறது. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள். கிரெடிட்டே கூலி என்பார் உண்டு. அந்தக் கிரெடிட்டுக்குக் கல்லூரியில் கட்டணம் கட்டுவதும் மாணவரே என்பதால் அதில் நீண்ட விவாதம் தேவையில்லை.

யோசிக்க வைக்கும் எதிர்வாதம் ஒன்று மறுபக்கத்திலிருந்து வருகிறது. சம்பளம் என்றால் ஆவணம். வேலைக்குச் சேரும் படிவங்களில் சட்டப்படியான பெயரைக் கேட்பார்கள். தான் விட்டுவந்த பெயரை ஒரு திருநம்பி அங்கே எழுத வேண்டியிருக்கும். வரிக் கணக்குக்கான தாள், நிறுவனத்தின் பெயரைத் தாங்கி, இன்னும் எதுவும் அறியாத பெற்றோரின் வீட்டுக்குத் தபாலில் போகலாம். எஃப்-1 விசாவில் படிக்கும் மாணவர் முன்அனுமதி இல்லாமல் கல்லூரிக்கு வெளியே சம்பளம் வாங்க முடியாது. அமெரிக்காவில் படிக்கும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். குடியேற்ற ஆவணமே இல்லாதவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. சம்பளம் கொடுப்பதும் சிலரை வெளியே தள்ளக்கூடும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனாலும் இவற்றில் பல, அமைப்பு மனம் வைத்தால் தீர்க்கக்கூடியவை. சட்டப் பெயர் கணக்குப் பிரிவைத் தாண்டாமல் காக்கலாம். வரித் தாளை மின்வழியில் தரலாம். விசா அனுமதிக்கான கடிதத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்கலாம். அப்படியும் சம்பளம் பெற முடியாத சிலருக்கு, அவர்களுக்கு வசதியான நேரத்தில், அவர்களே விரும்பிச் செய்யும் தன்னார்வப் பணி எப்போதும் திறந்திருக்கலாம்.

இதே அக்கறையோடு விண்ணப்பப் படிவத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் சொந்தப் போராட்டத்தைப் பற்றி எழுதுங்கள் என்று கேட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளின் காயங்களை அடுக்கி வைத்து மதிப்பெண் போடுவதும் ஒருவகையில் கூலியில்லாமல் வாங்குவதுதான். அந்த இடத்தில் மூன்று விவரங்கள் இருக்கட்டும்: மணிக்கு எவ்வளவு, முதல் சம்பளம் எந்தத் தேதியில், எந்தப் பெயரில் எந்த முகவரிக்குக் கடிதம் வரவேண்டும் என்பதை யாரிடம் சொல்லலாம்.