திரைக்குப் பின்னால் யார்?

கடலூர் மாவட்டத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் ராத்திரி கூத்து ஆரம்பித்து, முடியும்போது பொழுது விடிந்துவிடும். முன்னால் நடப்பதைவிட, வேஷம் கட்டும் இடத்தில் நடப்பது இன்னும் வேடிக்கை. கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு துரியோதனன் டீ குடிப்பார். 'யோவ், அந்தக் கண்ணாடியை இப்படித் தள்ளு' என்று பாஞ்சாலி ஆண் குரலில் அதட்டுவார். ஜமாவில் ஆள் குறைந்தால் கேட்கவே வேண்டாம். சற்று முன் விதுரராக நியாயம் பேசியவர், தாடியைப் பிய்த்துப் போட்டுவிட்டு அவசரமாகக் கிருஷ்ணர் ஆவார்.

கட்டியக்காரனுக்கு அந்த மறைவுகூடக் கிடையாது. ராஜா வர இரண்டு பேர் திரை பிடிக்க வேண்டும். இவனோ சபை நடுவில் நின்றபடியே காவல்காரன், தூதன், மந்திரி, ஊர்க்காரன் என்று மாறிக்கொண்டே இருப்பான். ராஜாவும் அவனும் இருந்தால் போதும், ஒரு தேசமே நடந்துவிடும்.

பழைய கிரேக்கத்திலும் இதே கதைதான். முதலில் ஒரே நடிகர். ஈஸ்கிலஸ் இரண்டாவது ஆளைக் கொண்டுவந்தார், சோஃபக்ளீஸ் மூன்றாவது ஆளை என்கிறார் அரிஸ்டாட்டில். முகமூடியை மாற்றி மாற்றி அத்தனை பாத்திரங்களையும் இவர்களே சமாளித்தார்கள்.

நாமும் அப்படித்தானே? வீட்டில் அப்பா, ஆபீசில் குமாஸ்தா, சம்பந்தி வீட்டில் வேறு ஆள். அதில் ஒன்றும் தப்பில்லை. செய்ததை வேஷத்தின் தலையில் கட்டும்போதுதான் சிக்கல். முதியோர் உதவித்தொகைக்கு வந்த கிழவியை மூன்றாம் முறையாகத் திருப்பி அனுப்புகிறவர், 'எனக்கும் பாவமாத்தான் இருக்கு பாட்டி, ரூல்ஸ் அப்படி' என்பார். வரதட்சணை வாங்குகிற மாப்பிள்ளை, 'எனக்கு இஷ்டமில்லை, அம்மாதான் கேக்குறாங்க' என்பார். 1961-ல் ஜெருசலேம் நீதிமன்றத்தில் அடால்ஃப் ஐக்மன் சொன்னதும் இதே வாதம்தான்: உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தேன். கொல்லப்பட்டவர்களோ லட்சக்கணக்கில்.

இந்த வாதத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. வேஷத்துக்குப் பின்னால், கறை படாத அசல் 'நான்' ஒருவன் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறான் என்கிற நம்பிக்கை.

சிதம்பரத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கே ஆடுகிறவர் ஒருவர், தொழில் ஐந்து. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். பக்கத்திலேயே ரகசியம் என்று ஒரு திரை. விலக்கினால் தங்க வில்வ மாலை தொங்கும். உருவம் எதுவும் இருக்காது. வெறும் ஆகாசம். இதற்குப் பெரியவர்கள் ஆழமான தத்துவம் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது சின்ன விஷயம்தான். நம் திரையை விலக்கினாலும் உள்ளே தனியாக ஒரு நல்லவன் உட்கார்ந்திருக்கப் போவதில்லை. அப்பாவாக, குமாஸ்தாவாக, மாப்பிள்ளையாக என்ன செய்தோமோ, அதன் கூட்டுத்தொகைதான் நாம்.

கூத்துக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. துகில் உரியும் கட்டம் வரும்போது, துச்சாதனன் வேஷக்காரர் கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்கி மன்னிப்புக் கேட்கிற வழக்கம் உண்டு. எதிரே நிற்பதும் ஓர் ஆண்தான். நடப்பதும் நாடகம்தான். இருந்தும் புடவையைத் தொடுகிற கை தன்னுடையது என்று அவர் நினைக்கிறார்.

'என் கையில் ஒண்ணும் இல்லீங்க' என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம், புடவைத் தலைப்பு யார் கையில் இருக்கிறது என்று நாமும் ஒருமுறை குனிந்து பார்த்துக்கொள்ளலாம்.