தாய்க்கு அளிக்கும் தானம்



பழனிக்கு அருகே ஐவர்மலையில், பார்சுவநாதர் திருவுருவம் புதுப்பிக்கப்பெற்றதைக் கி.பி. 870-ஆம் ஆண்டுக் கல்வெட்டுக் கூறுகின்றது. கமடன் புயலையும் மழையையும் ஏவியபோதும் அப்பெருமான் அசைந்தாரல்லர். தரணேந்திரன் படம் விரித்துக் காத்தான்.

அசையாமை அருகர்க்கு இயல்பு. நம் உள்ளத்தின் அமைதியோ உடலையும் சார்ந்து நிற்கின்றது. புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்புநீரிலிருந்து அல்லோபிரெக்னனோலோன் என்னும் பொருள் மூளையிலும் உண்டாகின்றது. நரம்புக் கிளர்ச்சியை அடக்கும் ‘காபா’ என்னும் பொருளுக்கு அது துணைநின்று, அச்சத்தைத் தணித்து உறக்கத்திற்கு உதவுகின்றது. கருவுற்ற காலத்தில் பெருகும் அது, மகப்பேற்றுக்குப்பின் சில நாள்களிலேயே சரிந்துவிடும். தாய்மார் சிலர் ஓயாது அழுவதற்கும், குழந்தை உறங்கியும் தாம் உறங்காதிருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம் என்பர் அறிஞர். இப்பொருளையே மருந்தாக 2019-இலும், இதனை ஒத்த மாத்திரையை 2023-இலும் அமெரிக்க அரசு ஏற்றது.

ஆகவே அத்தாயை நோக்கி, “குழந்தையைப் பேணத் தெரியாதவள்” என்று பழித்தல் மொழியால் செய்யும் இம்சையாகும். “வினைப்பயன்” என்று கூறி வாளாவிருத்தலும் அறமன்று. வினையின் பயனை நுகரும் உயிர்க்குத் துணைநிற்பதற்கன்றோ உணவு, மருந்து, சாத்திரம், அபயம் என நால்வகைத் தானங்களை நம் முன்னோர் வகுத்தனர்!

இரவில் குழந்தையை நாம் ஏந்தி, தாயை உறங்கச் செய்வோம். துயரம் இரு வாரங்களுக்கு மேல் நீடிப்பின் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். உயிரை வெறுத்துப் பேசினால் அன்றே செல்வோம். மருந்தும் அபயமும் நம் இல்லத்திலிருந்தே தொடங்குக.

அறம் வளர்க!