கற்பூரம் கேட்காத கடவுள்... கருணை கேட்கும் புத்தர்!

ஜவ்வாது மலை என்றதும் சந்தன வாசமும், தேனும், சாமைச் சோறும் நினைவுக்கு வரும். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்தில் இருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

அந்தக் காஞ்சி இன்று நமக்குக் காமாட்சியின் ஊர், ஏகாம்பரநாதரின் ஊர், வரதராஜரின் ஊர். ஒரு காலத்தில் அது புத்தரின் ஊராகவும் இருந்தது! ஏழாம் நூற்றாண்டில் அந்த நாட்டைப் பற்றி எழுதிய சீன யாத்திரிகர் யுவான் சுவாங், அங்கே நூறு பௌத்த மடங்களுக்கு மேல் இருந்ததாகவும், பதினாயிரம் துறவிகள் வாழ்ந்ததாகவும் குறித்திருக்கிறார். காமாட்சியம்மன் கோயிலில் கிடைத்த நின்ற கோலப் புத்தர், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய ராஜராஜ சோழனும் நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தான்.

ஆக, புத்தர் நமக்கு அயலார் அல்ல. நம் ஊர் வழியே நடந்தவர்தான். அவர் என்னதான் சொன்னார்?

நோயும் மருந்தும்

கபிலவஸ்துவின் இளவரசர் சித்தார்த்தர். முதுமையையும் நோயையும் மரணத்தையும் கண்டு மனம் கலங்கி, 29 வயதில் அரண்மனையை விட்டு வெளியேறினார். ஆறு ஆண்டுகள் உடலை வாட்டித் தவம் செய்தார். பட்டினியால் உடல் மெலிந்ததே தவிர, விடை கிடைக்கவில்லை. சுகபோகமும் வேண்டாம், உடலை வதைப்பதும் வேண்டாம் என்று நடுவழியைத் தேர்ந்தார். கயையில் அரச மரத்தடியில் அமர்ந்து ஞானம் பெற்றார்.

பிறகு சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்கு அவர் சொன்ன முதல் உபதேசம், நல்ல வைத்தியர் சொல்வதைப் போலவே இருக்கிறது. வாழ்வில் துக்கம் உண்டு. இது நோய். அந்தத் துக்கத்துக்குக் காரணம் ஆசை. 'வேண்டும், இன்னும் வேண்டும்' என்ற தாகம். இது நோய்க்கு மூலம். தாகம் தணிந்தால் துக்கம் தீரும். இது நம்பிக்கை. தணிப்பதற்கு வழி உண்டு. இது மருந்து.

அந்த மருந்துக்கு எட்டுச் சரக்கு. நற்காட்சி, நற்கருத்து, நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி.

இல்லறத்தில் இருப்பவர்கள் இத்தனையும் செய்ய முடியுமா என்று மலைக்க வேண்டாம். அவர்களுக்கு ஐந்து சீலங்கள் போதும் என்று தொடங்கி வைக்கிறது பௌத்தம். கொல்லாமை, களவாடாமை, தகாத உறவு கொள்ளாமை, பொய் சொல்லாமை, மது அருந்தாமை. நம் பாட்டிமார் சொல்லி வளர்த்ததும் இதைத்தானே!

விசாகத்தன்று வரும் பாத்திரம்

வைகாசி விசாகம் என்றால் நாம் முருகனுக்குக் காவடி எடுக்கிறோம். புத்தர் பிறந்ததும், ஞானம் பெற்றதும், பரிநிர்வாணம் அடைந்ததும் வைகாசிப் பௌர்ணமியில்தான் என்று பௌத்தர்கள் கொண்டாடுகிறார்கள். மணிபல்லவத் தீவில் கோமுகிப் பொய்கையில் இருந்து அமுதசுரபி மேலே வருவதும் அந்த வைகாசித் திருநாளில்தான் என்கிறது மணிமேகலைக் காப்பியம்.

அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கையில் கிடைத்ததும் மணிமேகலை என்ன செய்தாள்? ஆதிரை என்னும் கற்பரசியிடம் முதல் பிச்சை ஏற்றாள். ஏழைகளின் பசி தீர்த்தாள். சிறையில் வாடியவர்களுக்கும் சோறிட்டாள். அரசனிடம் வரம் கேட்கும் வாய்ப்பு வந்தபோது, அந்தச் சிறையையே அறச்சாலையாக மாற்றித் தரச் சொன்னாள்! பின்னாளில் காஞ்சியில் பஞ்சம் வந்தபோது அங்கும் போய்ப் பசிப்பிணி போக்கினாள்.

துக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் பசித்தவனுக்குச் சோறு போடு. தமிழ் மண் பௌத்தத்தைப் புரிந்துகொண்ட விதம் இது.

முனியப்பனாக இருந்த முனிவர்

சேலம் பெரியேரிப் பகுதியில் 'தலைவெட்டி முனியப்பன்' என்ற பெயரில் ஒரு கோயில். பல தலைமுறையாக மக்கள் வழிபட்டு வந்த தெய்வம். அந்தச் சிலை புத்தருடையது என்று 2011-ல் வழக்குத் தொடரப்பட்டது. தொல்லியல் துறையினர் ஆராய்ந்தார்கள். தாமரைப் பீடம், அர்த்த பத்மாசனம், மடியில் கைகளை வைத்த தியான முத்திரை... எல்லாம் புத்தருக்கே உரிய அடையாளங்கள். துண்டான தலை பின்னர் சிமென்ட்டால் ஒட்டவைக்கப்பட்டிருந்தது. 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 'இது புத்தர் சிலைதான். தொல்லியல் துறை பொறுப்பில் எடுக்க வேண்டும். இங்கே பூஜைகள் கூடாது' என்று தீர்ப்பளித்தது.

முனியப்பனுக்குக் கிடா வெட்டுவது பல ஊர்களில் வழக்கம். அந்தப் பெயரில் அமர்ந்திருந்தவரோ கொல்லாமையை முதல் சீலமாகச் சொன்னவர்! அதே சமயம், குலம் காக்கும் சாமி என்று கும்பிட்டவர்களுக்கு அந்தத் தீர்ப்பு எளிதான செய்தியா? இனி தேங்காய் உடைக்க முடியாது. கற்பூரம் காட்ட முடியாது. அப்படியென்றால், அந்தச் சிலை முன்னால் நின்று என்னதான் செய்வது?

இதற்குப் புத்தரே பதில் சொல்லியிருக்கிறார். அவருக்கு 80 வயது. குசிநாரையில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே கடைசியாகப் படுத்திருக்கிறார். பருவம் இல்லாத பருவத்தில் மரங்கள் பூத்து, அவர் மேனியில் மலர்களைச் சொரிகின்றன. அருகில் இருந்த ஆனந்தரிடம் அவர் சொன்னதன் சாரம் இது: இந்த மலர்களால் எனக்குப் பூஜை நடந்துவிடவில்லை. யார் அறத்தின் வழியில் நடக்கிறார்களோ, அவர்களே என்னை மேலான முறையில் பூஜிக்கிறார்கள்.

எவ்வளவு பெரிய வார்த்தை!

அவர் பூவை வெறுக்கவில்லை. சேலம் மாவட்டம் ஆத்தூரை அடுத்த தியாகனூரில் புத்தரை ஊர் மக்கள் அன்போடு வழிபடுகிறார்கள். அந்த அன்பு வாழ்க! ஆனால், பூவோடு வழிபாடு முடிந்துவிடக் கூடாது என்பதே அவர் சொன்னது.

நீங்களும் இந்தப் பூஜையைச் செய்து பார்க்கலாம். காலையில் பத்து நிமிடம் நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கவனியுங்கள். மனம் ஓடினால் திட்டாதீர்கள். குழந்தையை அழைத்து வருவதுபோல் மெல்ல அழைத்து வாருங்கள். பிறகு, உங்கள் அன்புக்கு உரியவர் ஒருவரை நினைத்து 'நலமாக இருக்கட்டும்' என்று வாழ்த்துங்கள். அடுத்து, உங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒருவரை நினைத்து அதே வாழ்த்தைச் சொல்லுங்கள். இரண்டாவது வாழ்த்து சட்டென்று வாயில் வராது. வரும் வரை விடாதீர்கள்.

வருகிற வைகாசி விசாகத்தில் முருகனுக்குப் பாலாபிஷேகம் செய்யும் கையோடு, பசித்த ஒருவருக்கு ஒரு வேளை சோறு போடுங்கள். அந்தக் கந்தனும் மகிழ்வான். அந்தப் புத்தருக்கும் அதுவே பூஜை!