வலிக்கிற காலோடு ஓடாதீர்கள்

தம்பிகளே, தங்கைகளே, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் விடியுமுன் எழுந்து ஓடும் உங்களுக்குத்தான் எழுதுகிறேன். காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடிக்க வேண்டும். ராஜபாளையத்திலேயே தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 11ஆம் அணி இருக்கிறது. சீருடையைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் நீங்கள். அந்த ஆசையில் ஒரு தவறும் இல்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்க வலிக்க, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாளும் ஓடுகிறீர்களே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

எலும்பு உயிருள்ளது. ஓட்டத்தில் நுண்ணிய சேதம் ஏற்பட்டால், உடல் அந்தப் பகுதியை முதலில் கரைத்துவிட்டு, பிறகுதான் புதிதாகக் கட்டும். கரைப்பது சில வாரத்தில் முடிந்துவிடும். கட்டுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். தேர்வு அறிவிப்பு வந்ததும் ஓட்டத்தை இரண்டு மடங்கு, மூன்று மடங்காக்குகிறவர்களுக்குச் சில வாரங்களிலேயே வலி தொடங்குவது இதனால்தான். தார் ரோடா கண்மாய்க்கரையா என்பதைவிட, இந்த அவசரம்தான் பெரிய காரணம். மாத்திரை வலியை மறைக்குமே தவிர எலும்பைக் கட்டாது. வியர்த்து வற்றிய உடம்பில் அதை விழுங்கினால் சிறுநீரகத்துக்கும் கேடு.

இன்றே உட்கார்ந்து, அந்த முன்னெலும்பின் உள்விளிம்பை விரலால் மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். நான்கைந்து விரல் அகலத்துக்குப் பரவலாக வலித்தால் பெரும்பாலும் அது மிகை உழைப்பின் வலி. ஓட்டத்தைக் குறைத்தால் அடங்கும். ஒரே புள்ளியில், விரல் நுனி பட்டதும் சுரீரென்றால், ஒற்றைக்காலில் குதிக்க முடியாவிட்டால், ராத்திரி படுத்தாலும் வலித்தால் எலும்பில் விரிசல் இருக்கலாம். அரசு மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமல் போவது உண்டு. அதனால் எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது என்று மறுநாளே மைதானத்துக்குப் போகாதீர்கள். தொடை இடுக்கில் வலி என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. இடுப்பெலும்பு முறிந்தால் அறுவை சிகிச்சை வரை போகும். விரிசல் சந்தேகம் உள்ள இடத்தில் எண்ணெய் போட்டு அழுத்தி உருவவும் விடாதீர்கள்.

இயற்கையாகக் குணமாக வேண்டும் என்றால் இயற்கை கேட்கும் அவகாசத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். முன்னெலும்பு விரிசலுக்குப் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டமே கூடாது. சில இடங்களில் விரிசல் என்றால் இன்னும் அதிகம், அதை மருத்துவர் சொல்லட்டும். அந்த நாட்களில் வலி இல்லாமல் முடிந்தால் கிணற்றில் நீந்துங்கள், மூச்சுத்திறன் குறையாது. பால், கேழ்வரகு, முட்டை, நெத்திலி, நிலக்கடலை எல்லாம் நம் ஊரில் கிடைப்பவைதான். பால்கோவாவுக்குப் பேர்போன ஊரில் ஓடுகிற பிள்ளை வெறும் டீயைக் குடித்துவிட்டு மைதானத்துக்கு வருவதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. பெற்றோரே, இதைக் கவனியுங்கள். நூல் மில்லில் நைட் ஷிஃப்ட் முடித்த பையன் தூங்காமல் நேரே ஓட வந்தால் எலும்பு எப்போது ஆறும்? தங்கைகளே, பயிற்சி தொடங்கியபின் மாதவிலக்கு நின்றுபோனால் ஓட்டத்துக்கு நல்லதென்று நினைக்காதீர்கள். சாப்பாடு போதவில்லை, எலும்பு வலுவிழக்கிறது என்பதற்கான எச்சரிக்கையாக அது இருக்கலாம். மருத்துவரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

அமெரிக்க ஓட்டக்காரர் மெப் கெஃப்லெஸிகி 2007இல் இடுப்பெலும்பில் விரிசல் கண்டு, 2008 ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார். பொறுத்து மீண்டு வந்து 2009இல் நியூயார்க் மாரத்தானையும், 2014இல் பாஸ்டன் மாரத்தானையும் வென்றார். ஒரு தேர்வு தவறினால் அடுத்த அறிவிப்புக்கு ஓடலாம், கால் இருந்தால்.

திரும்ப வரும்போது முதலில் அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை; ஒருநாள் விட்டு ஒருநாள். வலி வந்தால் அன்றைக்கு அதோடு சரி. பயிற்சியாளர்களே, நொண்டி வரும் பையனை எல்லார் முன்பும் கோழை என்று சொல்லாதீர்கள். அவன் பதில் பேச மாட்டான், உங்களுக்குப் பயந்து ஓடுவான். உங்கள் நோட்டில் ஓடிய நேரத்துக்குப் பக்கத்தில் யாருக்கு எங்கே வலி என்றும் நாளை காலையிலிருந்தே எழுதுங்கள். வலி என்று எழுதிய பிள்ளையை அன்று கோட்டுக்கு வெளியே உட்கார வையுங்கள்.