அடைக்கலப் பொருளும் அதிகார ஆசையும்

தம்மிடம் பிறர் ஒப்படைத்த பொருளைக் கொண்டு அதிகாரம் தேடுவது அறமாகுமா? 2020ஆம் ஆண்டு ஸ்டீம் என்னும் பிளாக்செயின் சமூக வலைத்தளத்தில் நடந்தவை இக்கேள்வியை எழுப்பின. ஆகாது என்பதே விடை. கணினி நிரல் அதைத் தடுக்கவில்லை என்பது சமாதானம் ஆகாது.

2016இல் தொடங்கிய ஸ்டீமில், எழுதுவோருக்கும் நல்ல எழுத்தைத் தேடி வாக்களிப்போருக்கும் கிரிப்டோ நாணயம் வெகுமதியாகக் கிடைத்தது. பயனர்கள் தேர்ந்தெடுத்த ‘சாட்சிகள்’ அத்தளத்தை நடத்தினர். ஆனால் அதிக நாணயம் வைத்திருப்பவருக்கே அதிக வாக்குவலிமை. தளத்தை உருவாக்கிய ஸ்டீமிட் நிறுவனத்திடம் தொடக்கத்திலேயே பெரும்பங்கு சேர்ந்திருந்தது. அது வளர்ச்சிப் பணிக்கே செலவாகும், சாட்சித் தேர்தலில் தலையிடாது என்ற உறுதிமொழியை நம்பித்தான் அந்தச் சமூகம் வளர்ந்தது.

2020 பிப்ரவரியில் ட்ரான் என்னும் மற்றொரு பிளாக்செயினின் நிறுவனர் ஜஸ்டின் சன் அந்நிறுவனத்தை வாங்கினார். உறுதிமொழி காற்றில் போகும் என அஞ்சிய சாட்சிகள் அப்பங்கை முடக்கினர். மார்ச் தொடக்கத்தில் பைனான்ஸ், ஹுவோபி, போலோனியெக்ஸ் ஆகிய கிரிப்டோ பரிமாற்ற நிறுவனங்கள், வாடிக்கையாளர்கள் தம்மிடம் வைத்திருந்த நாணயங்களைக் கொண்டே சன் தரப்புக்கு வாக்களித்தன. முதல் இருபது சாட்சி இடங்களும் கைமாறின. அடகுக்கு வந்த நகையை அணிந்துகொண்டு கடைக்காரர் ஊர்வலம் போவதற்கு ஒப்பான செயல் இது. எதிர்ப்பு வலுத்தபின் பைனான்ஸும் ஹுவோபியும் தம் வாக்குகளை விலக்கிக்கொண்டன. ஆனால் உடைந்த நம்பிக்கை ஒட்டவில்லை.

பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வணிகருக்குரிய நெறி என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் விதித்தார். கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத பூம்புகார் வணிகரைப் பட்டினப்பாலை போற்றியது. சிலப்பதிகாரத்துப் பாண்டியன், பொற்கொல்லன் சொல்லை நம்பியே ஆணையிட்டேன் என்று தப்பித்துக்கொள்ளவில்லை. தவறு தெரிந்த கணமே உயிர் துறந்தான். விதியின் ஓட்டைக்குள் ஒளிந்துகொள்வதை நம் முன்னோர் எவரும் அறம் என்று ஏற்கவில்லை.

விலை கொடுத்து வாங்கியவருக்கும் உரிமை உண்டு. அவர் பங்கை முடக்கியதும் கேள்விக்குரியதே. எனினும் அந்த உரிமை மூன்றாமவரின் வைப்புப்பொருள்மேல் செல்லாது.

பெரியவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தம் பதிவுக்குத் தாமே வாக்களித்தும், வாக்கை விற்கும் நிரல்களுக்குக் கூலி கொடுத்தும் பொது வெகுமதிநிதியைச் சுரண்டியவர்கள் எளிய பயனர்களிடையேயும் இருந்தார்கள். தமக்காக அன்றிப் பிறருக்காக முயல்பவர்களால்தான் உலகம் நிலைபெறுகிறது என்றது புறநானூறு. வலைத்தளத்துக்கும் அதுவே விதி.

மார்ச் 20இல் ஸ்டீமிட் நிறுவனத்தின் பங்கை விலக்கி ஹைவ் என்ற புதிய பிளாக்செயின் பிறந்தது. மே மாதத்தில் பழைய ஸ்டீமில் 64 கணக்குகளின் சுமார் 2.36 கோடி நாணயங்கள் நிரல் மாற்றத்தால் பறிக்கப்பட்டன. அறம் தவறிய அதிகாரம் முதல் தவறோடு நிற்பதில்லை.

ஆகவே பரிமாற்ற நிறுவனங்கள் வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதமின்றி அவர் நாணயத்தால் ஒரு வாக்கும் அளிக்கக் கூடாது. பயனர்களும் பொதுநிதியில் கை வைக்குமுன் தம் மனச்சான்றைக் கேட்க வேண்டும். மையமில்லாத தளத்திலும் மனிதருக்கு அறம் உண்டு.