பணம் கட்டியாச்சே!

போன வருஷம் பிப்ரவரி மாதம். ஒரு வியாழக்கிழமை ராத்திரி பதினொன்றரை மணிக்கு போன் அடித்தது. அந்த நேரத்தில் வருகிற போனை எடுப்பதற்குள் மனசு நாலைந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டு வந்துவிடும். நல்லவேளை, அக்கா பையன். ஆஸ்திரியாவிலிருந்து.

''மாமா, தூங்கிட்டீங்களா?''

''இல்லடா, சொல்லு.''

''ஒரு கணக்கு கேக்கணும்.''

எனக்கு ஆச்சரியம். அவன் மியூனிக்கில் சாஃப்ட்வேர் வேலையில் இருப்பவன். கணக்கில் என்னைவிடக் கெட்டி. நானோ பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்தவன். ஆனால், அவன் கேட்டது வேறு மாதிரிக் கணக்கு. அதைச் சொல்வதற்கு முன்னால் அவன் எங்கே இருந்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ஸாங்க்ட் ஆன்டன் என்று ஒரு மலைக் கிராமம். ஆல்ப்ஸ் மலையில், சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கேபிள் கார் பிடித்தால் 2,811 மீட்டர் உயரமுள்ள வல்லூகா சிகரம் வரை போகலாம். ஊரைச் சுற்றி ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்குப் பனிச்சறுக்குப் பாதைகள். ரயில் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். நம் பையன் நாலு வருஷமாக ஸ்கீ பழகுகிறவன். மனைவி, ஒன்பது வயசுப் பெண், மூன்று நண்பர்கள் என்று ஆறு பேர் செட் சேர்ந்து, ஆறு நாள் விடுமுறைக்குக் கிளம்பியிருந்தார்கள்.

திட்டம் போட்டதை ஐந்து மாதம் முன்பே எனக்கு எக்ஸெல் ஷீட்டாக அனுப்பியிருந்தான். கல்யாண பட்ஜெட் தோற்றது! சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை வீட்டு வாடகை. லிஃப்ட் பாஸ் ஆறு நாளைக்கு ஒரு ஆளுக்குச் சுமார் 400 யூரோ. பூட்ஸ், ஸ்கீ, ஹெல்மெட் வாடகை. குழந்தைக்கு ஸ்கீ ஸ்கூல் ஃபீஸ். இன்ஷூரன்ஸ். அதிலும் ஒரு நுணுக்கம்: அடையாளம் போட்ட பாதைக்கு வெளியே போய் விழுந்தால் சில பாலிசிகளில் சல்லிக்காசு வராது. ஹெலிகாப்டர் வந்து தூக்கினால் அது தனிக் கதை. ஆயிரக்கணக்கில் யூரோ.

செட்டில் நாலு பேர் ஸ்கீ, இரண்டு பேர் ஸ்னோபோர்டு. இதுவே ஒரு தலைவலி. ஸ்கீ என்பது காலுக்கு ஒன்றாக இரண்டு பட்டை. கையில் இரண்டு குச்சி. ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டுண்டு கிடக்கும், குச்சி கிடையாது. சமதளம் வந்தால் ஸ்கீக்காரன் குச்சியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவான். போர்டுக்காரன் ஒரு காலைக் கழற்றி நொண்டியடிக்க வேண்டும். ஆக, இரண்டு கோஷ்டிக்கும் ஒத்துவருகிற பாதைகளைத் தேடித்தேடிக் குறித்து வைத்திருந்தான். நீலம் என்றால் சுலபம், சிவப்பு நடுத்தரம், கறுப்பு கஷ்டம் என்று அதற்கு நிறம் வேறு.

எக்ஸெல் ஷீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. வானத்துக்கு மட்டும்தான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த பனியும் காற்றும் வியாழன் மதியம் வரை விடவில்லை. மேலே போகிற லிஃப்ட்டுகளைப் பாதுகாப்புக்காக மூடிவிட்டார்கள். ஐந்து நாள் ரூமில் சீட்டாட்டம். குழந்தை மட்டும் கீழ்ச்சரிவில் ஸ்கூல் கோஷ்டியோடு வாத்து வரிசை போலப் போய் வந்திருக்கிறாள்.

வியாழன் மாலை மேகம் கலைந்தது. வெள்ளிக்கிழமை பளிச்சென்று வெயில் என்று அறிவிப்பு. கடைசி நாள். போர்டுக்கார நண்பர் ஒரு யோசனை சொன்னார்: பாதைக்கு வெளியே ஒரு சரிவு இருக்கிறது. ஐந்து நாள் பனி, யார் காலும் படாமல் மாவு மாதிரி கிடக்கிறது. நாளைக்குக் காலை முதல் ஆளாகப் போய் இறங்கிவிடுவோம்.

அதே நாள் சாயங்காலம் 5 மணிக்குப் பனிச்சரிவு எச்சரிக்கை வந்தது. நிலை 3.

''மாமா, மொத்தம் அஞ்சு லெவல். மூணுங்கறது நடுவுல. ரொம்ப மோசமும் இல்ல, நல்லதும் இல்ல. இவ்வளவு பணம் கட்டியாச்சு. அஞ்சு நாள் வேஸ்ட். ஆறாவது நாளும் சும்மா இருந்தா மொத்தமும் போன மாதிரிதானே? நீங்க என்ன சொல்றீங்க?''

கடற்கரை ஊரில் உட்கார்ந்துகொண்டு, ஃப்ரிட்ஜைத் தவிர வேறெங்கும் பனி பார்க்காத என்னிடம் கேட்கிறான். ஆனால், அவன் சொன்னதில் எனக்குத் தெரிந்த விஷயம் ஒன்று இருந்தது.

பி.காம். இரண்டாம் வருஷத்தில் காஸ்ட் அக்கவுண்டிங் எடுத்த வாத்தியார் 'சன்க் காஸ்ட்' என்ற ஒன்றை நடத்தினார். கிணற்றில் விழுந்த காசு. இனி என்ன செய்தாலும் திரும்பி வராத செலவு. ''அடுத்து என்ன செய்யறதுன்னு முடிவெடுக்கும்போது அதைக் கணக்குல சேர்க்காதே. இனிமே ஆகப்போற செலவு என்ன, இனிமே வரப்போற லாபம் என்ன, அதை மட்டும் பார்''  என்பார். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கினேன். வாழ்க்கையில் ஒருநாளும் கடைப்பிடித்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த விஷயத்தில் ரொம்பப் பிரபலமான ஆராய்ச்சியே ஒரு பனிச்சறுக்குப் பயணத்தைப் பற்றியதுதான். ஆர்க்ஸ், புளூமர் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள். 1985-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கேள்வி: மிச்சிகன் போக 100 டாலருக்கு ஒரு ஸ்கீ டிக்கெட் வாங்கிவிட்டீர்கள். அப்புறம் விஸ்கான்சின் போக 50 டாலருக்கு இன்னொன்று. விஸ்கான்சின்தான் ஜாலியாக இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பார்த்தால், இரண்டும் ஒரே வாரக் கடைசியில்! விற்கவும் முடியாது, திருப்பித் தரவும் முடியாது. எதற்குப் போவீர்கள்?

பதில் சொன்ன 61 பேரில் 33 பேர் மிச்சிகன் என்றார்கள். சந்தோஷம் குறைவு என்று தெரிந்தும், விலை அதிகம் என்பதற்காக! இரண்டு டிக்கெட்டுக்கும் சேர்த்து 150 டாலர் ஏற்கெனவே போய்விட்டது. எங்கே போனாலும் அது வரப்போவதில்லை. இருந்தும் மனசு கேட்கவில்லை.

ஏன் இப்படி? வீணாக்கியவன் என்று பேர் வாங்க மனுஷனுக்குப் பிடிக்கவில்லை என்கிறார்கள் அந்த ஆராய்ச்சியாளர்கள். படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. வீணாக்கக் கூடாது என்பது கெட்ட குணமா என்ன? இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் பாட்டியிடம் அடி விழும். சிக்கனம் நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட முதல் ஒழுக்கம். நம்மைப் பள்ளத்தில் தள்ளுவது எப்போதும் பேராசை, கோபம் மாதிரியான வில்லன்கள்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சமயத்தில் நல்ல குணமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

தனி மனுஷனுக்கு மட்டுமல்ல, ஊருக்கே இந்த வியாதி வரும். ஸ்விட்சர்லாந்தின் பனியாறுகள் 2022, 2023 என்ற இரண்டே வருஷத்தில் தங்கள் அளவில் பத்து சதவிகிதத்தை இழந்தன. பனி குறையக் குறைய, பீரங்கி மாதிரி ஒரு யந்திரத்தை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சிச் செயற்கைப் பனி செய்கிறார்கள். இத்தாலியில் ஸ்கீ பாதைகளில் சுமார் 90 சதவிகிதத்துக்கு அந்த வசதி வந்துவிட்டது. லிஃப்ட், ஓட்டல் என்று கோடிகோடியாகக் கொட்டியாகிவிட்டது. விட மனசு வருமா? பிழைப்பும் அதில்தானே இருக்கிறது? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா பையனிடம் வருவோம். அந்த 'நிலை 3' இருக்கிறதே, அது நடுவில் இருப்பதாலேயே ஆளை ஏமாற்றுகிற எண். நிலை 5 வந்தால் யாரும் வெளியே போக மாட்டார்கள், மூடிவிடுவார்கள். மூன்றில்தான் 'போகலாமோ' என்று தோன்றும். ஆல்ப்ஸில் பனிச்சரிவில் சாகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த நிலை 3 நாட்களில்தான் சாகிறார்கள். அதிலும் புயல் ஓய்ந்து வெயிலடிக்கிற முதல் நாள் ரொம்பப் பொல்லாதது. காற்று கொண்டுவந்து குவித்த பனி, அடியிலுள்ள பலவீனமான அடுக்கின் மேல் பலகை போல உட்கார்ந்திருக்கும். ஒரு ஆள் எடை போதும், சரிவு மொத்தமும் கழன்றுகொள்ள. பெரும்பாலான சம்பவங்களில் சரிவைக் கிளப்பிவிடுவது சிக்கிக்கொள்கிறவரோ அவர் கூட வந்தவரோதான். புதைந்தவரைப் பத்து, பதினைந்து நிமிஷத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கலாம். அரை மணி தாண்டினால் பிழைப்பவர்கள் பாதிக்கும் கீழே.

மக்காமன் என்ற அமெரிக்கர் 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து பார்த்தார். ஆபத்து தெரியாமல் போனவர்கள்தான் மாட்டினார்கள் என்று நினைப்போம். இல்லை. பயிற்சி பெற்றவர்களும் மாட்டியிருந்தார்கள். அறிகுறிகள் பல இடங்களில் கண்ணெதிரே இருந்தன. அவர்களை இழுத்துக்கொண்டு போனது வேறு: பழகிய இடம்தானே, முடிவு பண்ணியாச்சே, கூட வந்தவன் என்ன நினைப்பான், நமக்கு முன்னால் வேறொருவன் போய்விடுவானே. பட்டியலைப் படித்தால் பனிமலைக்குப் போகிறவர்களைப் பற்றி எழுதின மாதிரியே இல்லை. நம் தெருவில் இருப்பவர்களைப் பற்றி எழுதின மாதிரி இருக்கிறது.

புள்ளிவிவரம் எதுவும் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தெரியாது. பின்னால் தேடிப் படித்ததுதான். அன்று வாத்தியாரை நினைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

''டேய், இந்த டிரிப்புக்கு நீ ஒரு பைசாகூடச் செலவு பண்ணலைன்னு வெச்சுக்க. யாரோ ஓசியில கூட்டிட்டு வந்தாங்க. இன்னிக்குத்தான் வந்து இறங்கியிருக்கே. அப்பவும் நாளைக்குக் காலையில அந்தச் சரிவுல இறங்குவியா?''

ரொம்ப நேரம் பேச்சில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

''மாட்டேன் மாமா.''

கதை இங்கே முடிந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை அவன் போகவில்லை. நண்பர்கள் மூன்று பேர் போனார்கள். அந்தச் சரிவில் அன்றைக்கு ஒன்றுமே நடக்கவில்லை! நீல வானத்தின் கீழே பனியைத் தூசியாகக் கிளப்பிக்கொண்டு வீடியோவோடு திரும்பி வந்தார்கள். ரயிலில் மியூனிக் போகிற வரைக்கும் கிண்டல். அவனிடமிருந்து எனக்கு ஒரு மெசேஜ்: 'நான் கோழையா மாமா?'

என்ன பதில் சொல்வது? நடந்ததை வைத்து முடிவை எடைபோடுவதுதான் உலக வழக்கம். விபத்து நடந்திருந்தால் அவன் தீர்க்கதரிசி. நடக்காததால் கோழை. ஆனால், முடிவெடுத்த ராத்திரியில் அவனுக்கு என்ன தெரியுமோ அதைக்கொண்டுதானே அவனை அளக்க வேண்டும்? குடித்துவிட்டு வண்டியோட்டியவன் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டால், ஓட்டியது சரியாகிவிடுமா?

அந்த நண்பருக்கும் ஒரு நியாயம் உண்டு. ''என் உசிரு, என் ரிஸ்க். பயந்துக்கிட்டே இருந்தா மலைக்கே வரக்கூடாது'' என்றாராம். பாதி உண்மை. கொஞ்சமும் ஆபத்தில்லாத வாழ்க்கை வேண்டுமென்றால் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாது. ஆனால், 'என் ரிஸ்க்' என்பதுதான் இடிக்கிறது. அவர்கள் இருந்த அதே ஆர்ல்பெர்க் மலைப்பகுதியில், 2022 டிசம்பர் 25 அன்று லெஹ், சூர்ஸ் கிராமங்களுக்கு இடையே ஒரு பனிச்சரிவு ஸ்கீ பாதையில் வந்து விழுந்தது. பத்துப் பேர் வரை புதைந்திருக்கலாம் என்று பயம். கிறிஸ்துமஸ் ராத்திரியில் சுமார் 200 பேர் இறங்கித் தேடினார்கள். கடைசியில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், சிலருக்குக் காயம். மீட்புக்குப் போகிறவர்கள் அங்கே பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். பண்டிகைச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, இன்னொரு முறை சரியக்கூடிய மலையில் ஏறுகிறவர்கள். 'என் ரிஸ்க்' எடுக்கிறவர் அவர்களைக் கேட்டுக்கொண்டா எடுக்கிறார்?

சர்வதேச ஸ்கீ சம்மேளனம் 1967 முதல் நடத்தை விதிகள் வைத்திருக்கிறது. மொத்தம் பத்து. மூன்றாவது விதி இதுதான்: பின்னால், மேலிருந்து வருகிறவர், தனக்கு முன்னால் இருப்பவருக்கு ஆபத்து வராதபடி தன் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரணம் எளிமையானது. மேலே இருப்பவர் கண்ணுக்குக் கீழே இருப்பவர் தெரிவார். கீழே இருப்பவருக்கு முதுகில் கண் கிடையாது.

அக்கா பையனுக்கு இதைத்தான் பதிலாக அனுப்பினேன். 'உனக்குக் கீழே உன் பொண்ணு ஸ்கூல் கோஷ்டியோட போயிட்டு இருந்தா. நீ மேலேருந்து பார்த்தே. அவ்வளவுதான்.'

இத்தோடு முடித்தால் நான் பெரிய ஞானி என்று நினைத்துக்கொள்வீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவனுக்கு உபதேசம் பண்ணின அந்த ராத்திரி, என் மேஜையில் வக்கீல் அனுப்பிய ஒரு காகிதம் இருந்தது. எனக்கும் என் பெரியப்பா மகனுக்கும் ஒரு காம்பவுண்டு சுவர் தகராறு. இரண்டடி நிலம். பதினோரு வருஷமாகக் கேஸ். அந்த நிலத்தின் விலையைப்போல மூன்று மடங்கு செலவழித்தாகிவிட்டது. ''விட்டுடேங்க'' என்று வீட்டில் சொல்லும்போதெல்லாம் என் பதில் ஒன்றுதான்: ''இவ்வளவு பணம் கட்டியாச்சே!''

போனை வைத்ததும் அவனிடம் கேட்ட கேள்வியை என்னிடமே கேட்டுக்கொண்டேன். இதுவரை ஒரு ரூபாய்கூடச் செலவாகவில்லை என்று வைத்துக்கொள்வோம். இன்றைக்குப் புதிதாக இந்தக் கேஸைப் போடுவேனா?

பதில் தெரிந்தும் கிளம்ப ஒரு மாசம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். அண்ணன் கதவைத் திறந்தார். பதினோரு வருஷத்தில் தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது. என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அண்ணி காபி கொண்டுவந்து வைத்தார்.

சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். வீணாக்கக் கூடாதில்லையா?