இடம் கிடைக்குமா?

2024 மே 5 அன்று 23 லட்சத்திற்கும் அதிகமான மாணவர்கள் மருத்துவக் கல்விக்கான நீட் தேர்வை எழுதினர். ஜூன் 4-இல் வந்த முடிவு வழக்குகளில் சிக்கியது. இறுதியாகத் திருத்தப்பட்ட முடிவு ஜூலை 26-இல்தான் வெளியாயிற்று. எத்தனை இல்லங்களில் உறக்கம் கலைந்திருக்கும்!

காத்திருக்கும் மனம் ஏன் கலங்குகிறது? முடிந்துபோன தேர்வை அது இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறது. விடைத்தாள் கையை விட்டுப் போனபின் கவலை ஒரு மதிப்பெண்ணையும் கூட்டாது. எஞ்சியிருப்பது இன்றைய நாள்: வேளைக்கு உணவு, உறக்கம், வீட்டு வேலையில் ஒரு பங்கு, மாற்று வழி குறித்த நிதானமான சிந்தனை.

எனினும் இளம் உள்ளத்தை வாட்டுவது, கல்லூரியில் இடம் கிடைக்குமா என்ற கேள்வி மட்டுமன்று; கிடைக்காவிடில் வீட்டில் தனக்கு என்ன இடம் என்பதும் ஆகும். அதற்கான விடை பெற்றோரிடமே உள்ளது. முடிவு வருமுன்னரே அதைக் கூறிவிட வேண்டும். வந்தபின் கூறினால், அது பாராட்டாகவோ ஆறுதலாகவோ மட்டுமே ஒலிக்கும்.